எந்தச் சீட்டு வந்தாலும்

லம்துவானின் பெட்டியில் தொப்பி மட்டுமே மூன்று இருந்தது. வைக்கோல் தொப்பி ஒன்று, நீலத்தில் முன்னால் மடல் நீட்டிய தொப்பி ஒன்று, கம்பளிக் குல்லா ஒன்று. பவர் இல்லாத மூக்குக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, சிவப்புக் கழுத்துத் துணி, மஞ்சள் குடை, முழங்கால் வரைக்கும் வருகிற கோடு போட்ட காலுறை, ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். குடியேற்ற அதிகாரி பியோன் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினாள். சந்தையில் கடை விரித்த மாதிரி ஆகிவிட்டது.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒராசா அதைத் தாய்லாந்து பாஷையில் திருப்பிச் சொன்னாள். ஒராசாவுக்குக் கொரியாவில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிற தன் நாட்டு ஜனங்களுக்கு வாயாக இருப்பதுதான் அவள் பிழைப்பு.

லம்துவானுக்குக் கேள்வி இரண்டு தடவை கேட்டது. முதல் தடவையே புரிந்துவிட்டது. மூன்று வருஷம் இந்த நாட்டில் குடித்தனம் பண்ணியவள்தானே. ஆனால் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். முகநூலில் ஒரு குழு இருக்கிறது, கொரியாவுக்குள் நுழைவது எப்படி என்று ஆளாளுக்கு யோசனை சொல்வதற்கென்றே. கொரிய மொழி தெரியும்னு காட்டாதே, தெரிஞ்சா வேலைக்கு வர்றவன்னு நினைப்பாங்க. சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொல்லாதே, தங்கிடுவேன்னு நினைப்பாங்க. கேட்டா சுற்றுலா, சுற்றுலா, சுற்றுலா. வேறே வார்த்தை வாயில் வரக்கூடாது. லம்துவான் ஆறு தடவை இந்த யோசனைப்படி நடந்தாள், ஆறு தடவையும் உள்ளே விட்டார்கள். ஏழாவது தடவை கொண்டுவந்து இந்த அறையில் உட்கார்த்திவிட்டார்கள்.

"போட்டுக்க" என்றாள் லம்துவான்.

"மூணு தொப்பியையுமா?"

"வெயிலா இருந்தா ஒண்ணு, குளிரா இருந்தா ஒண்ணு."

"கண்ணாடியில பவரே இல்லையே."

லம்துவான் கண்ணாடியையே பார்த்தாள். "அழகுக்கு" என்றாள்.

பியோன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்து நான்கு வயது, கோன் கேன் பஸ் நிலையத்துக்கு எதிரே கோழி சுட்டு விற்கிறவள், கரிப்புகை ஏறிய கை. அழகுக்குக் கண்ணாடி போடுகிற ஆளா இது? பியோன் கெட்டவள் ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் வேலை அது. வேஷம் மாற்றுகிற சாமான்களோடு ஒருத்தி வந்து இறங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"இருபது மாசத்துல ஆறு தடவை வந்திருக்கீங்க. ஆறு தடவையும் கோசாங். அதே பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ். சியோலைக்கூட எட்டிப் பாக்கலை. கோசாங்ல அப்படி என்ன இருக்கு?"

"கல்லு இருக்கு. அந்தக் காலத்துல பொணத்தைப் புதைச்சு மேல வெச்ச பெரிய பெரிய கல்லு."

"ஆறு தடவையும் கல்லைப் பாக்கவா வந்தீங்க?"

"நிறைய கல்லு இருக்கு" என்றாள் லம்துவான்.

ஒராசா அதை மொழிபெயர்க்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, "அடி பைத்தியக்காரி, கொஞ்சமாவது நம்புற மாதிரி பேசேண்டி" என்று தங்கள் பாஷையில் முணுமுணுத்தாள். "மிளகாய்த் தோட்டத்துல வேலை செய்யறவன்னு முடிவே கட்டிட்டா இந்தம்மா. இது அறுவடைக் காலம் வேற."

கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

வெளியே என்றால் வெளியே இல்லை. அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை. சுவரோடு ஒட்டிய நாற்காலிகள், தண்ணீர் மெஷின், ஜன்னலே கிடையாது. கதவைத் திறக்க உள்ளே பிடி இல்லை. லம்துவான் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

அங்கே தெங்மோ என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது, உதட்டுச் சாயம், சக்கரம் வைத்த ரோஜா நிறப் பெட்டி. சியோலில் பார்க்கிற அரண்மனைகளின் பெயர்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு இதுதான் முதல் தடவை. ஒரு மசாஜ் கடையில சொல்லி வெச்சிருக்கு. மூணு வருஷத்துக்குத் திரும்பறதா இல்லை" என்று காதோடு சொல்லிச் சிரித்தாள். "நீங்க?"

"நான் பத்து நாளைக்கு."

"என்கிட்டயே கதை விடறீங்களா! பத்து நாள்ல என்ன சம்பாதிச்சுடுவீங்க?"

"சம்பாதிக்க வரலை."

"அப்புறம் எதுக்கு இவங்ககிட்ட வந்து மானத்தை விடறீங்க?"

லம்துவான் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கோசாங்குக்குப் பக்கத்துக் கிராமத்தில் சோதம் என்று ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். லம்துவான் பெற்ற பெண். பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போது லம்துவானின் அப்பா சாகக் கிடந்தார் என்று ஊருக்குப் போனாள். இரண்டு மாசத்தில் திரும்புவதாகப் பேச்சு. அவர் சாக ஏழு மாசம் ஆயிற்று. அதற்குள் புருஷன் கிதே வீட்டில் மாமியார் ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம் என்று உட்கார்ந்து விவாகரத்தை முடித்துவிட்டார்கள். மனைவி என்று கொடுத்த விசா மனைவியாக இருக்கும் வரைக்கும்தானே? அதுவும் போயிற்று. மூன்றரை வருஷம் கழித்து அவள் சுற்றுலாப் பயணியாக வந்து நின்றபோது பிள்ளை அவன் புதிதாகக் கட்டிக்கொண்ட மிசூவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிதே வில்லன் இல்லை, கோழை. "பாத்துக்க. ஆனா அத்தைன்னு வந்து பாத்துக்க" என்றான். "என்னோட பழைய தொழிற்சாலையில வேலை பாத்தவங்கன்னு மிசூக்கிட்ட சொல்லியிருக்கேன். பிள்ளைக்கோ அவளுக்கோ தெரிஞ்சுதுன்னா அன்னிக்கோட சரி. ஊர்ல நாலு பேர் பாக்குற இடத்துல கட்டிப்பிடிக்கிறது, அழுவுறது, ஒண்ணும் கூடாது." ஒப்புக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? பஸ் ஸ்டாண்ட் எதிரே கறுப்பு நூடுல்ஸ் கடையில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம். எதிரெதிர் நாற்காலி. பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சாற்றைத் துடைத்துவிடக்கூடக் கை நீளாது. காகிதத்தை எடுத்து நீட்டுவாள், பிள்ளையே துடைத்துக்கொள்ளும்.

போன ஜூலையில் அந்தக் கடையில்தான் சோதம் அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள்.

"பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல சீட்டு எடுத்து ஓடுற பந்தயம் இருக்கு அத்தை. தரையில சீட்டுங்க கெடக்கும். ஒண்ணை எடுத்துப் பிரிக்கணும். தொப்பி போட்டவங்கன்னு இருந்தா, கூட்டத்துல தொப்பி போட்ட ஒருத்தரைத் தேடிப் புடிச்சு, கையைக் கோத்துக்கிட்டு முடிவு வரைக்கும் ஓடணும். கண்ணாடி போட்டவங்க, குடை வெச்சிருக்கிறவங்க, சிவப்புத் துணி கட்டினவங்க, இப்படி என்ன வேணா வரும். போன வருஷம் ஒரு பையனுக்குக் குடைன்னு வந்துச்சு, ஒருத்தர்கிட்டயும் குடை இல்ல. மைதானம் பூரா சுத்திட்டு நடுவுல நின்னு அழுதான்."

"உனக்கு அம்மா இருக்காங்கல்ல?"

"அம்மா வயித்துல பாப்பா இருக்கு, ஓட முடியாது. நீங்க வாங்க அத்தை. நீங்க வேகமா ஓடுவீங்களா?"

கிதே வாயைத் திறப்பதற்குள் லம்துவான் "ஓடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றையிலிருந்து மூன்று மாசமாக அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எவரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மைதானத்தைக் கடக்கலாம். அந்தப் பந்தயத்தின் சட்டமே அதுதானே! கிதேவால்கூடத் தடுக்க முடியாது. எந்தச் சீட்டு வந்தாலும் அதற்குப் பொருந்துகிற ஆள் அவளாகவே இருக்க வேண்டும் என்று சந்தை சந்தையாகத் திரிந்து சேர்த்ததுதான் அந்தப் பெட்டி. பவர் இல்லாத கண்ணாடியும், ஆம்பிளைக் கடிகாரமும், கோடு போட்ட காலுறையும். விழா நாளைக்குக் காலை பத்து மணிக்கு.

தெங்மோவைக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள், கண் சிமிட்டினாள்.

"விட்டுட்டாங்க அக்கா! அரண்மனை பேரு அஞ்சும் கடகடன்னு ஒப்பிச்சேன்." கிளம்பும்போது குனிந்து, "நிஜமான காரணம் இருக்கிறவங்களுக்குத்தான் அக்கா பொய் சொல்ல வரலை" என்றாள். அவளுக்காகக் கதவு வெளிப்பக்கத்திலிருந்து திறந்தது. அவள் போனதும் சாத்திக்கொண்டது.

அட, என்ன நியாயம் இது! மூன்று வருஷம் ஒளிந்திருக்கப் போகிறவள் ஒய்யாரமாக உள்ளே போகிறாள். ஆறு தடவையும் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே திரும்பிப் போனவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். லம்துவானுக்குத் தெங்மோ மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. முதல் தடவையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறு தடவை கல்லைப் பார்க்க வந்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இப்போது ஏழாவதாகப் பிள்ளையைப் பார்க்க என்றால் எவள் நம்புவாள்?

நாலரை மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். பியோனின் கையில் லம்துவானின் கைப்பேசி இருந்தது.

"இதுல ஒரே ஒரு கொரிய நம்பர்தான் இருக்கு. மாசத்துக்கு நாலஞ்சு தடவை பேசியிருக்கீங்க. யார் இது? முதலாளியா?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு லம்துவான் ஒராசாவைப் பார்த்தாள். "அக்கா, அந்த நம்பருக்கு மட்டும் கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. கால்ல விழறேன்."

அதை ஒராசா சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. கூப்பிட வேண்டாம் என்றால் எந்த அதிகாரிதான் கூப்பிடாமல் இருப்பாள்? பியோன் மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அமுக்கி, எண்ணைத் தட்டினாள். நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

குழந்தைக் குரல். லம்துவானின் முதுகு நிமிர்ந்தது.

பியோன் ஒரு நொடி தடுமாறினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா இல்லையா கண்ணு?"

"அப்பா மிளகாய் பறிக்கப் போயிருக்காரு. போனை வெச்சுட்டுப் போயிட்டாரு, நான் விளையாடிட்டு இருக்கேன். இருட்டினாத்தான் வருவாரு. நீங்க யாரு?"

"நான் விமான நிலையத்துலேருந்து பேசறேன். லம்துவான்னு ஒருத்தங்களை உனக்குத் தெரியுமா?"

"தாய்லாந்து அத்தை! வந்துட்டாங்களா?" ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. "தொப்பி கொண்டு வந்தாங்களா? நாளைக்கு எங்க ஸ்கூல்ல பந்தயம். சீட்டுல என்ன வந்தாலும் அத்தையைப் புடிச்சுட்டு ஓடப்போறேன்."

பியோனின் பார்வை மேசையில் கிடந்த தொப்பிகள் மேல் போயிற்று. குடையைப் பார்த்தாள், காலுறையைப் பார்த்தாள். ஒராசா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்க உனக்கு என்ன வேணும்?"

"அத்தை. நிஜ அத்தை இல்ல, அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. சுற்றுலா வருவாங்க." பிறகு, "அம்மா பின்னால துணி எடுத்துக்கிட்டு இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்!"

கொரிய மொழியில் கத்தியது லம்துவான்தான். அதுவும் கோசாங் பக்கத்து இழுவையோடு. இங்கே பேசுவது அங்கே கேட்காதபடி பியோன் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்ததைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

"நீங்க அந்தப் பிள்ளைக்கு யாரு?"

"பெத்தவ."

ஒராசா "அம்மாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை ஏன் முன்னாலயே சொல்லலை?" பியோனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பிறப்புப் பத்திரம், விவாகரத்து உத்தரவு, ஏதாவது கையில இருக்கா?"

"ஒண்ணும் இல்லை. சுற்றுலா வர்றவ எதுக்கு அதையெல்லாம் தூக்கிட்டு வரணும்?"

"அப்போ அந்த வீட்டுல பெரியவங்க ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். ஆறு மணிக்குள்ள நான் எழுதி மேல அனுப்பணும், அதுக்கு மேல என் கையில இல்லை. அவர் வர இருட்டிடும். அந்தம்மா இருக்காங்க. கேட்டுடறேன். ஒரே ஒரு வார்த்தை, உங்களை உள்ள விட்டுடலாம்."

"அவங்களுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது."

"இன்னிக்குத் தெரிஞ்சுட்டுப் போகட்டுமே!"

"தெரிஞ்சா அந்த வீட்டுக் கதவு சாத்திடும் மேடம். நீங்க உள்ள விடுவீங்க, சரி. உள்ள போய் நான் யாரைப் பாக்குறது? கல்லையா?"

பியோன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் பிள்ளை ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு கதவு. இதைத் திறந்தால் அது சாத்துகிறது. லம்துவான் கையை மடியில் வைத்து இறுக்கிப் பிசைந்தாள். பெற்றவள் நான்தான் என்று அந்தத் தொலைபேசிக்குள் கத்த வேண்டும் போல இருந்தது. அங்கே வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, நாளைக்குப் பந்தயத்தில் ஓடப் போகிற குழந்தை ஒன்று நிற்கிறது.

"நான் பேசிக்கிறேன். ஒரு நிமிஷம்" என்றாள்.

பியோன் பொத்தானை விட்டாள்.

"சோதம், அத்தை பேசறேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அத்தை, எங்க இருக்கீங்க? பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்லடா. இந்தத் தடவை சுற்றுலா சரியா அமையலை. அத்தை திரும்பிப் போகணும்."



"தொப்பி வாங்கலையா?"

"மூணு வாங்கினேன்."

"கண்ணாடி?"

"ரெண்டு இருக்கு. குடை, சிவப்புத் துணி, பெரிய கடிகாரம் எல்லாமே இருக்கு."

"எல்லாம் இருக்குல்ல. அப்புறம் ஏன் வர மாட்டீங்க?"

லம்துவான் பியோனைப் பார்த்தாள். பியோன் மேசையைப் பார்த்தாள்.

"எந்தச் சீட்டு வந்தாலும் நடுவுல நின்னு அழக்கூடாது, சரியா? ஆளு கிடைக்கலைன்னா டீச்சர் கையைப் புடிச்சுட்டு ஓடு. நல்லா ஓடு."

பின்னால் ஒரு பெண் குரல் யார் என்று கேட்டது. "யாரும் இல்லம்மா, சுற்றுலா வர்ற அத்தை" என்றது பிள்ளை. இணைப்பு அறுந்தது.

ஐந்தே முக்காலுக்குத் தாளை நீட்டினார்கள். வந்த நோக்கம் தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தது. பியோன் பேனாவைக் கையில் கொடுத்தாள். சாமான்களைப் பெட்டிக்குள் தானே மடித்து வைத்தாள், அதிகாரிகள் செய்கிற வேலை இல்லை அது. லம்துவான் கையெழுத்துப் போட்டாள்.

அவளைக் கொண்டுவந்த கம்பெனியின் அடுத்த விமானம் மறுநாள் பத்தரைக்குத்தான். அதுவரைக்கும் பிடி இல்லாத கதவுக்குப் பின்னால் ஒரு கூடம், அங்கே அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். விடிந்ததும் ரொட்டி கொடுத்தார்கள், சாப்பிடவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு எழுந்து பெட்டியைத் திறந்தாள். கோடு போட்ட காலுறையை இழுத்து மாட்டினாள். கடிகாரத்தைக் கட்டினாள், சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றினாள், வைக்கோல் தொப்பியையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டாள். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பார்க்க உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடிகாரத்தில் பத்து ஆயிற்று. பத்து ஐந்து ஆயிற்று. இந்நேரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். சீட்டைத் தரையில் போட்டிருப்பார்கள்.

கதவு படாரென்று திறந்தது.

விமானக் கம்பெனிச் சீருடையில் ஒரு சின்னப் பெண், வேலைக்குப் புதிது போலிருந்தது, மூச்சு வாங்க நின்றாள். கையில் ஒரு சீட்டு. அதைப் பிரித்துப் படித்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். அடையாளத்துக்குக் காவலாள் யாரோ சற்று முன்புதான் ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "சிவப்புத் துணி கட்டினவங்க..."

லம்துவான் எழுந்து நின்றாள்.

"நீங்கதானா! சீக்கிரம், சீக்கிரம், கதவை மூடப் போறாங்க, ஓடணும்!" அந்தப் பெண் பெட்டியை ஒரு கையில் பிடித்தாள், லம்துவானின் கையை இன்னொரு கையில் பிடித்தாள்.

ஓடினார்கள். நீளமான வழி அது, இரண்டு பக்கமும் ஜனம். வைக்கோல் தொப்பியும் மஞ்சள் குடையுமாக ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு குழந்தை கை தட்டிச் சிரித்தது. அந்தப் பெண்ணின் கை சின்னதாக இருந்தது, வியர்த்திருந்தது. லம்துவான் வேகமாகத்தான் ஓடினாள், சொன்ன மாதிரியே.

விமானத்தின் வாசலில் அந்தப் பெண் நின்று மூச்சிரைத்தாள்.

"வந்துட்டோம். கையை விடுங்க, அக்கா" என்றாள்.